ஏ.சி.யில் கேஸ் தீர்ந்துபோவதில்லை: ஸ்பிளிட் ஏ.சி. பராமரிப்பு, முதலிலிருந்து

மாசி பாதி கடந்ததும் ஏ.சி. மெக்கானிக்குகளின் போன் ஓயாது. மாதக்கணக்கில் தொடாமல் விட்ட ரிமோட்டைத் தேடி எடுத்து, பேட்டரி மாற்றி, ஆன் செய்தால் காற்று வருகிறது, குளிர்ச்சி வரவில்லை. மெக்கானிக் வருகிறார், அவுட்டோர் யூனிட்டில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்க்கிறார், "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுடலாமா?" என்கிறார். வீட்டுக்காரரும் தலையாட்டுகிறார். போன வருடமும் போட்டது நினைவிருக்கும். வண்டிக்குப் பெட்ரோல் போடுவதுபோல இதுவும் வருடாவருடம் ஆகிற செலவுதான் என்று பழகிவிட்டது.

அது தவறு. ஏ.சி.யில் கேஸ் செலவாகும் பொருளே அல்ல. தொழிற்சாலையில் நிரப்பிய அதே கேஸ், எங்கும் ஓட்டை விழாதவரை, அந்த ஏ.சி.யின் ஆயுள் முழுக்க அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். எதை நாமே செய்யலாம், எதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், வந்தவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

அறையில் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுவதுதான் ஏ.சி.யின் வேலை. அள்ளுவது இண்டோர் யூனிட். முன்பக்க மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றினால், பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் நெருக்கத்தில் வரிசையாக நிற்பது தெரியும். அதுதான் காயில். அந்தத் தகடுகளை ஊடுருவிக் குழாய்கள் போகின்றன. கேஸ் அவற்றுக்குள் பெரும்பாலும் திரவமாக நுழைந்து, கொதித்து, ஆவியாகிறது. கொதிக்க வெப்பம் வேண்டுமே, அதைத் தகடுகளைத் தொட்டுப் போகும் அறைக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இன்று விற்கும் வீட்டு ஏ.சி.க்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸ், திறந்த வெளியில் மைனஸ் 52 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஏ.சி.க்குள் அதைப் போதிய அழுத்தத்தில் வைத்திருப்பதால் சுமார் 5 முதல் 12 டிகிரியில் கொதிக்கிறது. காயில் சில்லென்று இருப்பது அதனால்தான்.

ஆவியான கேஸைக் கம்ப்ரசர் உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்த அழுத்தச் சூடு ஏறுகிறது. சித்திரை வெயிலின் 40 டிகிரியைவிட அது சூடானால்தான் வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்க முடியும். அவுட்டோர் யூனிட்டின் காயிலில் வெப்பத்தைக் கொட்டிவிட்டு, மறுபடி திரவமாகி, அறைக்குத் திரும்புகிறது. ஒன்றரை டன் ஏ.சி. முழுவேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 5 கிலோவாட் வெப்பத்தை இப்படி வெளியேற்றுகிறது. அதற்கு எடுக்கும் மின்சாரமோ சுமார் ஒன்றரை கிலோவாட்தான்.

கேஸ் போகும் பாதை முழுக்க மூடியது. தூசி அங்கே போக வழியில்லை. காற்றும் தண்ணீரும் போகும் பாதைகள்தான் திறந்தவை. தூசி, தலைமுடி, போர்வைப் பஞ்சு, தாளிப்பின் எண்ணெய்ப் புகை, சாம்பிராணி, கொசுவத்திப் புகை எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். வீட்டுக்காரர் செய்யவேண்டிய பராமரிப்பு என்பதே இந்த இரண்டு பாதைகளையும் அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

காற்றுப் பாதை

ஃபில்டர் என்பது முன்மூடிக்குப் பின்னால் சொருகியிருக்கும் வலை. கோடையில் ஏ.சி. தினமும் ஓடும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழுவ வேண்டும். ஃபிளாட்டுக்குப் பக்கத்தில் கட்டட வேலை நடந்தாலோ, வீட்டில் நாய், பூனை இருந்தாலோ வாரம் ஒருமுறை. முதலில் ஏ.சி.க்கான எம்.சி.பி.யை, அதாவது மெயின் போர்டில் இருக்கும் அதன் பாதுகாப்பு ஸ்விட்ச்சை, அணைத்துவிடுங்கள். வலையைக் கழற்றி, தூசி படிந்த பக்கத்துக்குப் பின்னாலிருந்து தண்ணீரைப் பாய்ச்சினால் படலம் பாய்போலக் கழன்று வரும். முன்னாலிருந்து அடித்தால் தூசி வலைக்கண்ணுக்குள் இன்னும் இறங்கும். பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பு போதும். கொதிநீர் வேண்டாம், வலை வளைந்துவிடும். நிழலில் நன்றாகக் காயவைத்துத்தான் திரும்பப் போட வேண்டும். ஈரமாகப் போட்டால் இரண்டு நாளில் அறை முழுக்க நாற்றம் வரும்.

ஃபில்டர் அடைத்தால் என்ன ஆகும்? காயிலுக்குப் போதிய காற்று கிடைக்காது. காற்று வராவிட்டால் வெப்பம் வராது. வெப்பம் வராவிட்டால் கேஸ் சரியாகக் கொதிக்காது, உள்ளே அழுத்தம் இறங்கும், காயிலின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் ஐஸாகப் படியும். ஐஸ் படிந்தால் தகடுகளுக்கிடையே இருந்த கொஞ்ச இடமும் அடைந்துபோகும். மூடியைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று ஐஸ், அறையிலோ புழுக்கம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். கேஸ் உண்மையிலேயே கசிந்து குறைந்திருந்தாலும் கேஜில் அழுத்தம் குறைவாகக் காட்டும். காயிலில் ஐஸும் பிடிக்கும். ஃபில்டரும் காயிலும் அடைத்திருந்தாலும் கேஜ் அதையேதான் காட்டும், ஐஸும் பிடிக்கும். அழுக்கான ஏ.சி.யில் கேஜை மாட்டி முள்ளைப் பார்த்துவிட்டுக் "கேஸ் கம்மி" என்று சொல்பவர் பொய் சொல்கிறார் என்றில்லை; முள் அப்படித்தான் நிற்கும். ஆனால் அந்த நிலையில் கேஸை ஏற்றிவிட்டால், பிறகு சர்வீஸ் செய்து காற்று தாராளமாக ஓடத் தொடங்கும்போது உள்ளே கேஸ் மிகுதியாகிவிடும். அழுத்தம் எகிறும், மின்சாரம் அதிகமாகும். ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குள் போனால் அது பழுதாகும் அபாயமும் உண்டு. அதனால் வரிசை முக்கியம்: முதலில் சர்வீஸ், பிறகு ஓட்டிப் பார்ப்பது, அதற்குப் பிறகே கேஜ்.

ஐஸ் பிடித்திருந்தால் கத்தியால் சுரண்டாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் குழாய் ஓட்டையாகிவிடும். கூலிங்கை நிறுத்திவிட்டு ஃபேன் மோடில் ஓடவிட்டால் தானாக உருகும்.

ஃபில்டருக்கு அடுத்தபடி அழுக்குச் சேருவது ப்ளோயர். காற்று வெளிவரும் வாயைத் திறந்து மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். நீள உருளையாக, ஓரம் முழுக்கச் சின்னச் சின்னத் தகடுகளுடன் தெரியும். அந்தத் தகடுகளின் குழிவில் கறுப்பாக, ஈரமாக மாவுபோல அப்பியிருந்தால் ஃபில்டர் கழுவி மட்டும் பயனில்லை. சத்தம் பழைய அளவே இருக்கும், காற்று மட்டும் குறைந்திருக்கும். இதற்குத்தான் மெக்கானிக்கின் ஜெட் வாஷ். கீழே பிளாஸ்டிக் பை கட்டி, எலக்ட்ரானிக் போர்டை மூடி, காயிலுக்கும் ப்ளோயருக்கும் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். பையில் இறங்கும் தண்ணீர் முதலில் கரிக்கறுப்பாக இருக்கும். தெளியும்வரை அடிக்கச் சொல்லுங்கள். ஃபில்டரைத் தட்டி, மேலே ஊதிவிட்டு "சர்வீஸ் முடிஞ்சுது" என்று கிளம்பும் டிரை சர்வீஸ் இதற்கு ஈடாகாது. கோடைக்கு முன் ஒரு முறை ஜெட் வாஷ் அவசியம். வருடத்தில் பெரும்பகுதி ஓடும் வீடுகளில் மழைக்காலத்துக்கு முன் இன்னொரு முறை.

தண்ணீர்ப் பாதை

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் நம் அறைக்காற்றின் ஈரம்தான். கடலோர ஊர்களில் புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடப் பிழிந்தெடுக்கும். காயிலில் வியர்த்து, கீழே இருக்கும் தட்டில் சேர்ந்து, டிரெயின் பைப் வழியாக வெளியே போக வேண்டும். அந்தத் தட்டு இருட்டு, ஈரம், தூசி மூன்றும் சேர்ந்த இடம் என்பதால் கொழகொழவென்று பாசி வளரும். அது பைப்பை அடைத்தால் தண்ணீர் சுவரில் இறங்கும். ஏ.சி.க்குக் கீழே பெயின்ட் உப்பியிருந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

வெளியே பைப் நுனியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். ஏ.சி. ஓடி அரை மணி நேரமாகியும், புழுக்கமான நாளில், ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் ஒன்று குளிர்ச்சி ஏறவில்லை, அல்லது அடைப்பு. பைப் முழுநீளமும் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நடுவில் தொய்ந்து வளைந்தாலோ, நுனி வாளித் தண்ணீரில் மூழ்கியிருந்தாலோ ஓட்டம் தடைபடும். பைப்பை நேராகச் சாக்கடையில் சொருகிவிடும் பழக்கமும் கூடாது. சாக்கடை வாயு அந்த வழியாகவே காயிலுக்கு ஏறும். அதிலிருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்கவைத்து அரிக்கும். கசிவு அங்கேதான் தொடங்கும்.

புளித்த துணி நாற்றம் அடித்தால் அதற்கு ஸ்பிரே அடிப்பதில் பயனில்லை. காயிலும் தட்டும் சுத்தமாக வேண்டும். அணைப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஃபேன் மோடில் விட்டால் காயில் உலர்ந்துவிடும், நாற்றம் திரும்ப வர நாளாகும். சில புதிய மாடல்கள் இதைத் தாமாகவே செய்கின்றன.

வெளியே இருப்பவர்

அவுட்டோர் யூனிட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் மின்கட்டணத்தை ஏற்றுவதில் அதன் பங்கு பெரிது. பின்பக்கக் காயிலில் தூசி படிந்தால் வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தேங்கும். கம்ப்ரசர் இன்னும் அழுத்திப் பார்க்கும், மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும், தாங்காதபோது தானாகவே நின்றுவிடும். "மதியத்துல மட்டும் ஏ.சி. நின்னு நின்னு ஓடுது" என்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இந்தக் காயிலை. தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் வேறு கட்டண அட்டவணைக்குப் போய்விடுகிறோம் என்பதால், வீணாகும் மின்சாரத்துக்கு நாம் கொடுப்பது சாதாரண விலையாக இருக்காது.

எட்டும் இடத்தில் இருந்தால், எம்.சி.பி.யை அணைத்துவிட்டுச் சாதாரணத் தோட்டத்துக் குழாயால் காயிலைக் கழுவலாம். மழையில் நனையத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். பெசன்ட் நகர், நீலாங்கரை, தூத்துக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று தகடுகளைப் பொடியாக உதிரவைக்கும். அங்கே மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவிவிடுவது ஆயுளைக் கூட்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது உதவாது. யூனிட்டின் முன்னால் துணி காயப்போடுவது, பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்குவது, பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டே ஓட்டுவது எல்லாம் அதன் மூச்சை அடைப்பவை.

மூடியைத் திறந்து உள்ளே கை வைப்பது மட்டும் மெக்கானிக்கின் வேலை. மின்சாரத்தை அணைத்த பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும். எறும்பும் பல்லியும் போர்டில் புகுந்து ஷார்ட் ஆக்குவது நம் ஊரில் சகஜம், அதையும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே கேஸ் கசிந்திருந்தால்

கசிவு நடக்கும்தான். காயில் அரிப்பு, குழாய்களை இணைக்கும் பிளேர் நட் சரியாக இறுகாதது, அதிர்வில் குழாய் உரசித் தேய்வது என்று காரணங்கள் பல. கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு நட்டுகளைச் சுற்றிக் கறுத்த, பிசுபிசுத்த தூசி ஒட்டியிருந்தால் சந்தேகப்படலாம்.

சரியான மெக்கானிக் இப்படித்தான் செய்வார்: நைட்ரஜன் சிலிண்டரால் அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, எங்கே குமிழி வருகிறது என்று கண்டுபிடிப்பார். அந்த இடத்தை அடைத்து, அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்ப்பார். பிறகு வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுப்பார்; இதற்கு அரை மணி நேரமாவது ஆகும். கடைசியில் எடைத் தராசின்மேல் கேஸ் சிலிண்டரை வைத்து, அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் அளவுக்குக் கேஸை ஏற்றுவார். தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏ.சி.யில் அந்த வேகத்துக்கேற்ப அழுத்தமும் மாறிக்கொண்டே இருப்பதால், கேஜை மட்டும் பார்த்து நிரப்புவது குத்துமதிப்புதான். ஓட்டையைத் தேடாமல் பத்து நிமிடத்தில் டாப்-அப் செய்துவிட்டுப் போனால், போட்ட கேஸ் அதே ஓட்டை வழியாகப் போகும். அடுத்த மாசியில் மறுபடி அதே பேச்சு.

இங்கே இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அழுத்தம் ஏற்ற நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். ஆக்சிஜனும் கம்ப்ரசர் ஆயிலும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். இரண்டாவது, ஸ்டிக்கரில் என்ன கேஸ் என்று இருக்கிறதோ அதையேதான் போட வேண்டும். ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் தன்மை உள்ளது, சில ஏ.சி.க்களில் இருக்கும் ஆர்-290 புரொபேன், நன்றாகவே தீப்பற்றும். கேஸ் உள்ளே இருக்கும்போது வெல்டிங் தீயைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, சிகரெட்டும் கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

கசிவு நம் பணத்தோடு முடிவதும் இல்லை. பழைய ஏ.சி.க்களில் இருந்த ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்பதால், 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் உலகம் முழுக்க அதை விலக்கி வருகிறார்கள். ஆர்-32 ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் காற்றில் கலக்கும் ஒரு கிலோ ஆர்-32, நூறு ஆண்டுக் கணக்கில், சுமார் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். சில ஏ.சி.க்களில் இருக்கும் இன்னொரு கேஸான ஆர்-410ஏ அதைவிட மூன்று மடங்கு.

வேலை முடிந்ததும் என்ன கேஸ், எத்தனை கிராம், எந்த இடத்தில் கசிவு, என்ன தேதி என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

சமையலறைக்கு வாங்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். கதவு, ஜன்னலை மூடி, 18 டிகிரியில் வைத்து, ஃபேனை முழுவேகத்தில் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். 24-இல் வைத்தால், அறை அந்த அளவை நெருங்கியதும் இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்துவிடும், சோதனை சரியாக வராது. ஃபில்டர் பக்கம் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும், வாயிலிருந்து வெளிவரும் காற்றின் வெப்பநிலையையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் ஏ.சி. நலம். மிகப் புழுக்கமான நாளில் கொஞ்சம் குறைந்தே காட்டும், ஏனெனில் ஈரத்தைப் பிழியவும் அதன் சக்தி போகிறது. சர்வீஸ் செய்த அன்று எடுத்த அளவைக் குறித்துவைத்தால் பிறகு ஒப்பிட உதவும்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் ஒரு அடையாளம் உண்டு. 2020 ஜனவரி முதல் ஸ்டார் ரேட்டிங் உள்ள ஏ.சி.க்கள் 24 டிகிரியை இயல்பு அளவாகக் கொண்டு வருகின்றன. போன கோடையில் அந்த 24, 25-இல் நிம்மதியாகத் தூங்கிய அறையில், இந்தக் கோடையில் 22, 20, 18 என்று விரல் கீழே போய்க்கொண்டே இருந்தால், வெயில் கூடியது மட்டுமே காரணமாக இருக்காது. எண்ணைக் குறைப்பதால் ஏ.சி. வேகமாகக் குளிர்விப்பதும் இல்லை. நிற்காமல் ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடோ, பழுப்பு நிறக் கறையோ, கருகல் வாடையோ இருந்தால் உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏ.சி.க்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏ.சி. ஓட்டுவது தீ விபத்தை வீட்டுக்கு அழைப்பது.

அவுட்டோர் யூனிட் மாட்டுமிடம்

மூன்றாவது மாடிச் சுவரில், பிடிமானம் இல்லாத இரும்புச் சட்டத்தில் யூனிட்டை மாட்டிவிட்டால், ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு பையன் ஜன்னல் வழியாக வெளியே இறங்கித்தான் ஆக வேண்டும். பெல்ட், கயிறு இல்லாமல் யாரும் இறங்கினால் அனுமதிக்காதீர்கள். "பழக்கம்தான் சார்" என்பார்கள், அதை ஏற்கவும் வேண்டாம். புதிதாக ஏ.சி. வாங்குபவர்கள் மாட்ட வரும் அன்றே பேசி, பால்கனியிலோ மொட்டை மாடியிலோ கை எட்டும் இடத்தில், வெப்பக்காற்று தடையில்லாமல் வெளியே போகும்படி வைக்கச் சொல்லலாம். குழாய் கொஞ்சம் நீளமாகும், அதற்குக் கூடுதல் பணமும் கேட்பார்கள். கொடுங்கள், கீழே நின்றபடியே நீங்களே காயிலைக் கழுவலாம், மெக்கானிக்கும் நிதானமாக நுரை தடவிக் கசிவு தேட முடியும்.